நாம், நாங்கள், சாவு: க்ளாட் மக்கேயின் சானெட் ஒன்று

1971 செப்டம்பர் 9ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையைக் கைதிகள் பிடித்துக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் கறுப்பர்கள், போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். காவலர்களைப் பிணையாக வைத்துக்கொண்டு அவர்கள் கேட்டதைப் பார்த்தால் புரட்சி மாதிரியே தெரியாது: ஒழுங்கான சாப்பாடு, ஒழுங்கான மருத்துவம், செய்கிற வேலைக்குக் கூலி, தன் சாமியைத் தான் கும்பிடும் உரிமை. 13ஆம் தேதி போலீஸ் உள்ளே புகுந்து சுட்டதில் 39 பேர் செத்தார்கள். 29 பேர் கைதிகள், 10 பேர் பிணையாக இருந்தவர்கள். பிணையாட்களைக் கைதிகள் கழுத்தறுத்துவிட்டார்கள் என்று முதலில் செய்தி பரப்பினார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்தபோது பத்துப் பேரும் குண்டடிபட்டுத்தான் செத்திருந்தார்கள். துப்பாக்கி இருந்தது அரசாங்கத்தின் கையில் மட்டும்.

அந்த மாதக் கடைசியில் 'டைம்' வார இதழ் அட்டிகா பற்றி எழுதியது. கைதிகளுக்குள் ரகசியமாகக் கைமாறிய எழுத்துகளில் ஒரு கவிதை இருந்ததாகவும், அது பெயர் தெரியாத ஒரு கைதி எழுதியது என்றும், கரடுமுரடாக இருந்தாலும், வீராவேசத்துக்கு முக்கினாலும், மனசைத் தொடுகிறது என்றும் அதில் ஒரு குறிப்பு. கவிதையை எழுதியவர் கைதி இல்லை. க்ளாட் மக்கே என்கிற ஜமைக்காக்காரர். தலைப்பை 'நாம் சாகத்தான் வேண்டுமென்றால்' என்று தோராயமாகத் தமிழில் சொல்லலாம் (ஏன் தோராயம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை). 1919 ஜூலையில், 'லிபரேட்டர்' என்கிற இடதுசாரி இதழில் வந்தது. கறுப்பர்களின் வீடுகளில், பள்ளிகளில், கூட்டங்களில் அரை நூற்றாண்டாக மனப்பாடமாக ஒப்பிக்கப்பட்டு வந்தது. கவிஞர் குவெண்டலின் ப்ரூக்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் திருத்த வேண்டியிருந்தது.

ஆசிரியர் பெயரைத் தவறவிட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யாருக்கும் நடக்கிறதுதான். எனக்கு உறுத்துவது அந்தக் 'கரடுமுரடு'. கவிதை அச்சுப் பிசகாத ஷேக்ஸ்பியர் சானெட். பதினாலு வரி, வரிக்குப் பத்து அசை, மெலிந்ததும் அழுத்தியதுமாக ஐந்து ஜோடி, நாலு நாலு வரியாக மூன்று பத்தி, கடைசியில் தனியாக இரண்டு வரி. ஆங்கில இலக்கியம் படித்த எந்தப் பையனுக்கும் பார்த்த உடனே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எழுதினவன் கைதி என்று தெரிந்த உடனே காது அடைத்துக்கொண்டது. அவனிடமிருந்து உணர்ச்சிதான் வரும், வடிவம் வராது என்று வாசிப்பதற்கு முன்பே முடிவு செய்தாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு அமெரிக்க வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம், சுகமாக இருக்கும். நம் பத்திரிகைகளில் தலித் கவிதைகளுக்கு வந்த மதிப்புரைகளை எடுத்துப் பாருங்கள். 'ரத்தமும் சதையுமான', 'பாசாங்கற்ற', 'கச்சாவான உண்மை', 'வடிவம் இன்னும் கைகூடவில்லை என்றாலும்'. நானே ஒரு முறை அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். கவிஞரின் ஊர், தொழில், பட்ட பாடு எல்லாம் அதில் இருந்தது. வரி எங்கே முறிகிறது, ஏன் அங்கே முறிகிறது என்று ஒரு வாக்கியம் கூடக் கிடையாது. மக்கேயின் பதினாலு வரியை மெதுவாக வாசிப்பது எனக்கு அந்த மதிப்புரைக்கான பிராயச்சித்தம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

*

1919இன் கோடையை ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 'சிவப்புக் கோடை' என்றார். முதல் உலகப்போரில் சண்டை போட்டுவிட்டுக் கறுப்புச் சிப்பாய்கள் திரும்பியிருந்தார்கள். தெற்கிலிருந்து லட்சக்கணக்கான பேர் வடக்கு நகரங்களுக்கு வேலை தேடி வந்திருந்தார்கள். வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் போட்டி. வெள்ளைக் கும்பல்கள் ஊர் ஊராகப் புகுந்து அடித்தன. சிகாகோவில் மிச்சிகன் ஏரியில் மிதந்துகொண்டிருந்த 17 வயதுக் கறுப்புப் பையன் வெள்ளையர் பக்கத்துத் தண்ணீருக்குள் போய்விட்டான் என்று கல்லெறிந்தார்கள், அவன் மூழ்கிச் செத்தான், ஊர் பற்றிக்கொண்டது. 23 கறுப்பரும் 15 வெள்ளையரும் செத்தார்கள். இந்தக் கவிதை சிகாகோ கலவரத்துக்குப் பதில் என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். சிகாகோ தொடங்கியது ஜூலை 27ஆம் தேதி. கவிதை ஜூலை இதழிலேயே வந்துவிட்டது. நடந்ததற்குப் பதில் அல்ல, நடந்துகொண்டிருந்ததற்கு நடுவில் எழுதியது.

மக்கே அப்போது பென்சில்வேனியா ரயில்வேயில், ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறுகிற வேலை பார்த்தார். ரயில் ஒரு ஊரில் நின்றால் ஸ்டேஷனிலிருந்து தங்குமிடம் வரை கும்பலாகத்தான் போவார்களாம், சிலர் கையில் துப்பாக்கியோடு. எந்த ஊரில் எந்தக் கும்பல் காத்திருக்கும் என்று தெரியாது. கவிதையை முதலில் கேட்டது அந்தப் பெட்டியின் சிப்பந்திகள். அவர்களில் ரொம்ப விளையாட்டுத்தனமான ஆள் என்று மக்கே நினைத்திருந்தவரே அழுதுவிட்டார் என்று 1937இல் வந்த தன் சுயசரிதையில் எழுதுகிறார். அட்டிகாவில் அதைக் கையில் எழுதி வைத்துக்கொண்ட கைதிக்கும் இந்தப் பரிமாறுகிறவருக்கும் கவிதை ஒரே மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறது. நடுவில் இருந்த பத்திரிகைக்காரருக்குத்தான் சேரவில்லை.

*

நம்முடைய யாப்பில் எதுகைக்கு இருக்கிற இடம் ஆங்கிலத்தில் இயைபுக்கு. வரி முடிகிற இடத்தில் ஒலி ஒத்துவர வேண்டும். இயைபை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் மக்கே எந்தச் சொல்லை எந்தச் சொல்லோடு கட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். முதல் பத்தியில் அடைபட்டுச் சாகிற பன்றிகளும் சுற்றி நின்று குரைக்கிற வெறிநாய்களும் வருகின்றன. ஆங்கிலத்தில் 'ஹாக்ஸ்', 'டாக்ஸ்'. கொல்லப்படுகிற மிருகமும் கொல்கிற மிருகமும் ஒரே ஒலியில் முடிகின்றன. இரண்டாம் பத்தியில் சாவதற்கான சொல்லும் எதிர்த்து மறுப்பதற்கான சொல்லும் இயைபு: 'டை', 'டிஃபை'. அதே பத்தியில் சிந்துகிற ரத்தத்துக்குச் சொந்தமான வினைச்சொல்லோடு இயைவது இறந்தவர்களைக் குறிக்கும் சொல். மூன்றாம் பத்தியில் 'ப்ரேவ்', 'க்ரேவ்': வீரமும் குழியும். கடைசி இரண்டு வரியில் கும்பலைக் குறிக்கும் 'பேக்', திருப்பி அடிப்பதில் உள்ள 'பேக்'. நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி விழுகின்றன, ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றுதான் வேறு. பொருளை எல்லாம் மறந்துவிட்டு இந்த இயைபுச் சொற்களை மட்டும் வரிசையாகச் சொன்னாலே கவிதையின் வாதம் கிடைத்துவிடுகிறது. மிருகங்களில் தொடங்கி, சாவைத் தொட்டு, அதை மறுப்பாகத் திருப்பி, குழிக்கு முன்னால் நின்று, கும்பலுக்குப் பதிலடியில் முடிகிறது.

வரி முறிவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் பத்தியில் தங்கள் ரத்தம் சிந்தப்படாதிருக்கட்டும் என்கிற பொருள் வரும்படி ஒரு வரி முடிகிறது. ஒரு கணம் நமக்கு மூச்சு வருகிறது. அடுத்த வரியின் தொடக்கத்தில் 'வீணாக' என்கிற பொருள் தரும் சொல் வந்து விழுகிறது. அப்போதுதான் தெரிகிறது, ரத்தம் சிந்தப்போவது நிச்சயம், பேச்சு அது வீணா இல்லையா என்பது பற்றி மட்டும்தான். உயிரோடு தப்பிக்கும் வாய்ப்பை ஒரு வரி நீளத்துக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வரியில் பிடுங்கிக்கொள்கிறார். இதைத்தான் கரடுமுரடு என்றார்கள்.

அப்புறம் அந்த 'மஸ்ட்'. தலைப்பில் உள்ளது, முதல் வரியில் உள்ளது, இரண்டாம் பத்தியின் தொடக்கத்தில் மறுபடி வருகிறது. இரண்டு இடத்திலும் நிபந்தனை: சாகத்தான் வேண்டுமென்றால். யார் சாகச் சொன்னது, யார் கட்டாயப்படுத்தியது என்று வாக்கியத்தில் எழுவாய் கிடையாது. மூன்றாம் பத்தியில் நிபந்தனை காணாமல் போகிறது. உறவுகளைக் கூவி அழைக்கிற குரல். அங்கேயும் அதே 'மஸ்ட்' வருகிறது, ஆனால் இப்போது அது சாவோடு சேரவில்லை, பகைவனை எதிர்கொள்வதோடு சேர்கிறது. வெளியிலிருந்து திணித்த கட்டாயம் உள்ளிருந்து வருகிற கடமையாக மாறுவதற்கு மக்கே ஒரு வாதமும் வைக்கவில்லை, ஒரு துணைவினையை எடுத்து இன்னொரு வினைக்குப் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். தமிழில் இது இன்னும் கூர்மையாக வரும். நம் 'வேண்டும்' கட்டாயத்தையும் சொல்கிறது, விருப்பத்தையும் சொல்கிறது. சாகவேண்டும் என்பதில் கட்டாயமாக இருந்தது எதிர்க்கவேண்டும் என்று வரும்போது வேட்கையாகிவிடுகிறது. மூலத்தில் இல்லாத லாபம். மொழிபெயர்ப்பில் எப்போதாவதுதான் இப்படி அமையும். நஷ்டத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதல் இரண்டு பத்தியும் தலா ஒரே நீண்ட வாக்கியம். மூன்றாம் பத்தியில் வாக்கியம் துண்டுதுண்டாக உடைகிறது. ஆச்சரியக்குறி, மறுபடி ஆச்சரியக்குறி, கடைசியில் ஒரு கேள்வி. எதிரில் குழி திறந்து கிடந்தால்தான் என்ன என்கிற மாதிரியான கேள்வி அது. மூச்சு வாங்குகிறது. ஆனால் அடி எண்ணிக்கை பிசகவில்லை, இயைபு பிசகவில்லை. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கவிதை பேசுவது அடைபட்டவர்களைப் பற்றி. ஓடுவதற்கு இடமில்லாத, சுவரோடு நெருக்கப்பட்ட ஒரு நிலை. அதைப் பேசுகிற வடிவமும் நாலு பக்கமும் அடைத்த வடிவம், பதினைந்தாவது வரிக்கு இடமில்லாத வடிவம். கூண்டை உடைத்தேன் என்று வரியை உடைத்துக் காட்டுவது சுலபம். மக்கே உடைக்கவில்லை. கூண்டுக்குள்ளேயே நின்று திரும்புகிறார்.

*

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும். 'சானெட் எஜமானனின் வடிவம். ஒடுக்கப்பட்டவன் ஏன் அதில் எழுத வேண்டும்? தன் பேச்சுமொழியில், தன் பாட்டில், தன் தாளத்தில் எழுதக்கூடாதா?' தொண்ணூறுகளில் இங்கே நடந்த தலித் இலக்கிய விவாதங்களிலும் இந்தக் குரல் பலமாக ஒலித்தது. யாப்பு, செம்மொழி, 'தரம்' எல்லாம் ஆதிக்கத்தின் கருவிகள். வழக்குமொழி எதிர்ப்பின் கருவி. பொதுவாக நான் அதை ஏற்பவன்தான். மக்கே விஷயத்தில் இது அப்படியே பொருந்தவில்லை.

மக்கே முதலில் எழுதியது ஜமைக்காவின் வழக்குமொழியில். 1912இல் இரண்டு தொகுப்புகள் வந்தன. ஒன்று தீவின் பாடல்கள், இன்னொன்று அவர் கொஞ்சகாலம் போலீஸ்காரராக இருந்த அனுபவம். அவற்றை எழுதத் தூண்டியவர் வால்டர் ஜெக்கில் என்கிற ஆங்கிலேயக் கனவான், ஜமைக்காவின் நாட்டுப்பாடல்களையும் கதைகளையும் சேகரித்தவர். இளைஞன் கொண்டுபோய்க் காட்டிய கவிதைகளில் நேர் ஆங்கிலத்தில் இருந்தவை அவருக்கு ருசிக்கவில்லை, வழக்குமொழியில் இருந்த ஒன்றுதான் பிடித்தது. நல்ல மனிதர், தன் புத்தக அலமாரியை அவனுக்குத் திறந்துவிட்டவர், சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். வழக்குமொழியில் எழுது என்று சொன்னது எஜமானன். மக்கே தானாகத் தேர்ந்துகொண்டது சானெட். 'உன் மண்ணின் மொழியில் எழுதப்பா, அதுதான் அசல்' என்று ஊருக்குள் இருக்கிறவன் சேரியைப் பார்த்துச் சொல்லும்போது அதில் அன்பும் இருக்கும், எல்லைக்கோடும் இருக்கும். நீ இந்த வீதி வரைக்கும்தான்.

இன்னொன்று, சானெட்டை வெறும் காதல் வடிவம் என்று நினைப்பதும் தப்பு. 1655இல் பியட்மாண்டில் நடந்த படுகொலையைப் பற்றி மில்டன் ஒரு சானெட் எழுதியிருக்கிறார். ஹெய்ட்டியின் அடிமை விடுதலைத் தலைவன் டூசான் லூவெர்த்தூர் சிறையில் கிடந்த காலத்தில் வேர்ட்ஸ்வொர்த் அவருக்கு ஒரு சானெட் எழுதினார். இரண்டிலும் வதைபட்டவர்களைப் பற்றி வேறொருவர் எழுதினார். மக்கேயிடம் வதைபட்டவரே எழுதுகிறார். படர்க்கை தன்மையாக மாறியது, அதுவும் தன்மைப் பன்மையாக. இந்தப் பன்மையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

*

சில வருஷம் முன்பு ஒரு சிறுநகரத்தில், டீக்கடை மாடியில் நடந்த வாசிப்புக் கூட்டத்தில் இந்தக் கவிதையின் என் மொழிபெயர்ப்பைப் படித்தேன். பத்துப் பன்னிரண்டு பேர். துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்கிற தோழர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், மற்றபடி எழுதுகிற பையன்கள். கவிதை ஒரு சமூகத்தின் குரல் என்பதால் 'நாங்கள்' என்று போட்டிருந்தேன். படித்து முடித்ததும் சங்கத் தோழர் கேட்டார்: "நாங்கள்னு போட்டிருக்கீங்க, வாசிக்கிறது நீங்க. அப்ப அந்த நாங்கள்ல நாங்க இருக்கமா இல்லையா?"

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை. நான் பிறந்தது ஊருக்குள் வீடு உள்ள ஒரு சாதியில். நான் 'நாங்கள்' என்று வாசித்தால் கேட்கிறவர் வெளியே போய்விடுகிறார், நான் உள்ளே உட்கார்ந்துகொள்கிறேன். சரி, 'நாம்' என்று மாற்றினால்? அப்போது அவர் பட்ட அடியில் நான் பங்கு கேட்கிறேன். என் தாத்தா யாரையாவது சுவரோடு சேர்த்து நெருக்கியிருப்பார். அந்தக் கதை எங்கள் வீட்டில் சொல்லப்படாது, ஆனால் நடந்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆங்கிலத்தின் 'வீ' இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்பவனைச் சேர்த்தும் சொல்லலாம், விலக்கியும் சொல்லலாம். மக்கேயின் கவிதை ஊர் ஊராகப் போனதற்கு அந்தச் சொல்லின் வாசல் திறந்தே கிடந்ததும் ஒரு காரணம். கவிதையில் கறுப்பு என்ற சொல் கிடையாது. வெள்ளை கிடையாது. அமெரிக்கா கிடையாது. ரயில் பெட்டியில் படித்தபோது அது 'நாம்'. அந்த அறையில் வேறு யாரும் இல்லை. 'லிபரேட்டர்' இதழை வாங்கிய வெள்ளை சோஷலிஸ்டுகளுக்கு அது 'நாங்கள்' என்று ஒலித்ததா, வர்க்கத்தின் 'நாம்' என்று ஒலித்ததா? 1919 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை செனட்டுக்குக் கொடுத்த அறிக்கையில், கறுப்பர் பத்திரிகைகளில் தீவிரவாதமும் ராஜதுரோகமும் பரவுவதற்குச் சான்றாக இந்தக் கவிதையையும் சேர்த்தார்கள். அந்த அதிகாரியின் காதில் விழுந்தது 'அவர்கள்'. ஒரு விதத்தில் அவர்தான் கவனமான வாசகர். இரண்டாம் உலகப்போரில் சர்ச்சில் இதைத் தன் உரையில் சொன்னார் என்று ஒரு கதை பாடப்புத்தகம் வரை ஏறியிருக்கிறது. அவருடைய உரைகளில் தேடியவர்கள் யாருக்கும் அது அகப்படவில்லை. ஆனாலும் கதை சாகவில்லை. சாம்ராஜ்யத்தின் தலைவரும் சுவரோரம் நின்று 'வீ' என்று சொல்லலாம் என்பது எத்தனை பேருக்கு இனிப்பாக இருக்கிறது பாருங்கள்.

மக்கேயே இதில் ஊசலாடியவர்தான். 1920இல் லண்டனில் 'ஸ்பிரிங் இன் நியூ ஹாம்ப்ஷயர்' தொகுப்பு வந்தபோது இந்தக் கவிதையை விட்டுவிட்டார். பத்திரிகை ஆசிரியர் ஃப்ராங்க் ஹாரிஸ் அவரைத் தன் இனத்துக்கே துரோகி என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். (ஏசியவர் வெள்ளைக்காரர். எந்த இனத்துக்கு யார் துரோகி என்று சொல்கிற உரிமையும் அவர்களிடமே.) 1922இல் 'ஹார்லம் ஷேடோஸ்' தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில், இது எல்லா மனிதருக்குமான கவிதையாகத்தான் தான் எண்ணியது என்று சொன்னார். கவிஞர் சொன்னதை நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லா மனிதருக்குமானது என்பது ஒரு கவிதைக்குக் கிடைக்கிற பாராட்டா, இல்லை அதன் ஊரையும் தேதியையும் துடைத்துவிடுகிற துணியா என்பது எனக்கு இன்னும் தெளியவில்லை.

*

அன்று மாடியில் வேறு இரண்டு கேள்விகளும் வந்தன. அதே தோழர்தான்: "பன்னி என்ன தோழர் பாவம் பண்ணுச்சு? பன்னி வளத்துதான் எங்கம்மா எங்கள எட்டாவது வரைக்கும் படிக்க வச்சாங்க." கவிதையின் முதல் அசைவே பன்றி மாதிரிச் சாகமாட்டோம் என்கிற மறுப்பு. நாயும் பன்றியும் வசவாக இருக்கிற ஒரு மொழியிலிருந்து அதே வசவை எடுத்துத்தான் மக்கே எதிர்ப்பைக் கட்டுகிறார். இழிவிலிருந்து விலகி மேலே ஏறுவது ஒரு வழி. இழிவு என்று சொல்லப்பட்டதைக் கையில் எடுத்துக்கொண்டு அதில் என்ன இழிவு என்று கேட்பது இன்னொரு வழி. கவிதை முதல் வழியில் போகிறது. தோழரின் கேள்வி இரண்டாவது வழியில் நின்றது. என்னிடம் பதில் இல்லை.

ஆசிரியையின் கேள்வி கடைசி இரண்டு வரி பற்றி. கோழைக் கும்பலை 'மென்' போல நின்று எதிர்கொள்வோம் என்கிற பொருள் வருகிற இடம். நான் 'மனிதர்களாக' என்று சுத்தப்படுத்தியிருந்தேன். ஆங்கிலத்தில் என்ன என்று அவர் கேட்டார். சொன்னேன். "அப்ப ஆம்பளையா நின்னுன்னு போடுங்க சார். மறைக்காதீங்க." அமெரிக்கத் தெற்கில் அறுபது வயதுக் கறுப்புக் கிழவனையும் 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். புல்மேன் தூங்கும் பெட்டிகளில் வேலை பார்த்த சிப்பந்திகள் எல்லாருக்கும் 'ஜார்ஜ்' என்று ஒரே பெயர், முதலாளியின் பெயர். நம் ஊரில் பத்து வயதுப் பையன் பெரியவரை 'டேய்' என்று கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சரித்திரத்துக்கு எதிரில்தான் அந்த 'மென்' நிற்கிறது. வெறும் மீசை முறுக்கல் இல்லை. இதைச் சொல்லி விளக்கினேன். ஆசிரியை கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி சார், ஆம்பளைங்க வீரமா செத்துட்டாங்க. மறுநா காலையில அடுப்பு யார் பத்த வைக்கிறது?" என்றார். சாப்பாட்டுப் பெட்டியில் கேட்டவர்களும் ஆண்கள், அழைக்கப்படுகிற உறவுகளும் ஆண்கள். அந்தக் கேள்விக்கு இந்தப் பதினாலு வரிக்குள் இடமில்லை. அடைத்த வடிவம் என்று நான் மெச்சியதற்கு இப்படியும் ஒரு பக்கம் இருக்கிறது.

அந்த 'உறவுகளே' வேறு தொல்லை. 'கின்ஸ்மென்' என்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? சொந்தக்காரர்களே என்றால் நம் ஊரில் அது சாதிக்காரர்களே என்றுதான் பொருள். பங்காளிகளே என்றால் வரப்புத் தகராறு ஞாபகம் வருகிறது. மாமன் மச்சான் என்றால் பெண் கொடுத்து எடுக்கிற வட்டம், மறுபடியும் சாதி. தோழர்களே என்றால் கட்சிக் கூட்டம். ரத்த உறவு இல்லாமல் ஒரே அடியைப் பட்டதால் உறவானவர்களைக் கூப்பிட ஒரு முறைப்பெயர் தமிழில் இன்னும் உருவாகவில்லை. இந்தக் குறையை அகராதி எழுதுபவர்கள் தீர்க்க முடியாது.

*

இப்போது மூன்றாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு வழி தென்பட்டது. நாம் சாவோம், நாங்கள் சாவோம்: வினையின் விகுதி இரண்டுக்கும் ஒன்றுதான். 'ஓம்' யாரையும் வெளியே தள்ளுவதில்லை. எழுவாயைத் தூக்கிவிட்டு விகுதியை மட்டும் வைத்தால் ஆங்கிலத்து 'வீ' மாதிரியே வாசல் திறந்து கிடக்கும். சாவோம், நிற்போம், எதிர்ப்போம், அடிப்போம். வாசிக்கிறவர் யாரோ அவர் தன் எழுவாயைப் போட்டுக்கொள்ளட்டும். தலைப்பில்கூட 'சாகத்தான் வேண்டுமென்றால்' என்று விட்டால் போதும். சந்தோஷமாக உட்கார்ந்து எழுதினேன்.

ஏழு வரி தாண்டியதும் நின்றுவிட்டது. செத்த பிறகாவது அந்த ராட்சதர்களை மரியாதை செலுத்த வைப்போம் என்கிற பொருள் வருகிற இடம். யாருக்கு மரியாதை? அங்கே வேற்றுமை உருபு வேண்டும். 'நமக்கு' அல்லது 'எங்களுக்கு'. இரண்டுக்கும் நடுவில் தமிழில் ஒன்றும் கிடையாது. நாய்கள் சுற்றி நின்று குரைக்கிற இடத்திலும் அதே சிக்கல், 'நம்மை' அல்லது 'எங்களை'. அங்கே எப்படியோ சொல்லாமல் தப்பித்தேன். தானே செய்கிறபோது யார் என்று சொல்லாமல் விட்டுவிட மொழி அனுமதிக்கிறது. நமக்கு ஒன்று செய்யப்படுகிறபோது மட்டும் பெயர் கேட்கிறது.

அந்த வரியில் இப்போதைக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் நான் வாசிப்பதாக இல்லை. தாளைத் தோழரிடம் கொடுத்து, கோடு வருகிற இடத்தில் அவர் வாயில் என்ன வருகிறதோ அதைச் சொல்லச் சொல்லலாம் என்றிருக்கிறேன். கேட்டுப் பார்த்தேன். "மொதல்ல அந்தப் பன்னிய எடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார்.